பச்சை மையில் ஒரு ராஜா

நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஐரோப்பிய ராஜாக்களின் கையெழுத்துகளைச் சேகரிப்பது என் பொழுதுபோக்கு. கடலூரில் இந்தக் கிறுக்கு பிடித்தவன் நான் ஒருவன்தான் என்று அடித்துச் சொல்வேன். குடிகாட்டில் ஒரு ரசாயன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் நாளெல்லாம் குப்பியைக் குலுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் 'மாட்சிமை தங்கிய மன்னருக்கு' என்று இங்கிலீஷில் கடிதம் எழுத உட்காருவேன். ஆட்சியில் இருக்கிற ராஜாவுக்கு எழுதினால், செயலாளர் ஒரு நன்றி அட்டையை அனுப்பிக் கைகழுவிவிடுவார். துரத்தப்பட்ட ராஜாக்கள் அப்படியில்லை. பாவம், வேலைவெட்டி கிடையாது, பதில் போடுகிறார்கள்.

என் மனைவிக்கு இதில் துளி மரியாதை இல்லை. "தாசில்தார் கையெழுத்த வாங்கியாந்தாலும் பட்டா மாறும். வேல போனவன் கையெழுத்த வச்சிக்கிட்டு என்னா பண்றது?" என்பாள்.

வந்ததில் பெரும்பாலானவை அச்சு, மீதி ரப்பர் ஸ்டாம்பு. ஒன்றே ஒன்றுதான் அசல். மார்பு கொள்ளாத பதக்கங்களோடு ஒரு கிழட்டு ராஜாவின் போட்டோ. கீழே பேனா மையில், நடுங்கும் கையால், என் பெயரையும் எழுதி, 'மன்னர்' என்றே பட்டம் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். அனுப்பிய மூன்றாம் மாதம் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொன்று கேட்டு வாங்க வழியில்லை.

புதுச்சேரியில் சேகரிப்பாளர்கள் கண்காட்சி வைப்பதாக அறிவித்தார்கள். ஊரே என் ராஜாவைப் பார்க்கப்போகிறது என்று நான் தரையில் நடக்கவில்லை. கையெழுத்து அசல் என்பதற்குச் சான்று இணைக்க வேண்டும் என்று படிவத்தில் போட்டிருந்தது. ராஜா அனுப்பிய கடிதத்தையும் உறையையும் நகலெடுத்து வைத்தால் போதும் என்று முடிவு செய்தேன். சிதம்பரம் கீழவீதியில் மனைவியின் தம்பி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று, போட்டோ, கடிதம், படிவம் எல்லாவற்றையும் அவனிடம் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெற்றிலையை மென்றபடி திரும்பி வந்தேன். மச்சான் முகமெல்லாம் பல்லாக நின்றான்.

"மாமா, ஃபாரத்துல சான்று கேட்டுருக்கான், நீங்க கண்டுக்கவே இல்லியே? கீரப்பாளையம் வரைக்கும் வண்டியில போயி அட்டெஸ்டேஷன் வாங்கியாந்துட்டேன்!"

போட்டோவைப் பார்த்தேன். பதக்கங்களின் மேல் வட்ட முத்திரை. அதற்குக் கீழே, ராஜாவின் கையெழுத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு, பச்சை மையில் இன்னொரு கையெழுத்து.

"அடப்பாவி! ஜெராக்ஸ்லதான்டா அட்டெஸ்டேஷன் வாங்குவாங்க. ஒரிஜினல்ல எவன்டா வாங்குவான்?"

"அசல்னு காட்ட வேண்டியது ஒரிஜினலத்தான மாமா? ஜெராக்ஸ்ல வாங்கி என்னா பண்றது?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"யாருடா போட்டது?"

"ஹெட்மாஸ்டர் மாமா. நல்ல மனுசன். போன மாசந்தான் ரிட்டையர் ஆனாரு."

ஓய்வு பெற்றவர் சான்றொப்பம் போடக்கூடாது. ஆக, என் ராஜாவும் நாசம், அந்தச் சான்றும் செல்லாது. போட்டோவைப் பையில் போட்டுக்கொண்டு, மச்சானின் வண்டியைப் பிடுங்கி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கக் கீரப்பாளையத்துக்குப் பறந்தேன்.

சட்டைப் பித்தானைப் போட்டபடி ஹெட்மாஸ்டர் வீட்டிலிருந்து வெளியே வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "கையெழுத்துக்கா சார்? வாங்க, உக்காருங்க" என்று பாக்கெட்டிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தார்.

"பதவியே இல்லாம எப்பிடி சார் போட்டீங்க?" என்று கத்தினேன். போட்டோவை அவர் முன்னால் நீட்டினேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "தப்புதான் சார். சர்வீஸ்ல இருந்தப்ப காலையிலயே பத்துப் பேரு வாசல்ல நிப்பாங்க. ரிட்டையர் ஆனதுலேர்ந்து ஈ காக்கா எட்டிப் பாக்கல. உங்க மச்சான் 'சார்'னு வந்து நின்னாரு, கை தானா போட்டுருச்சி."

பேனாவை மூடினார். பிறகு தயங்கியபடி கேட்டார்: "இந்த ராஜாவுக்கும் பதவி இல்லன்னு உங்க மச்சான் சொன்னாரு. இருந்தும் நீங்க கடுதாசி போட்டுக் கேட்டீங்களாமே சார்?"

மீதி மூன்று கேள்வியையும் அதோடு விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது. ராஜாக்களின் முகவரி குறித்துவைக்கும் நோட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் விரித்தேன்.

"இதுல ஒரு கையெழுத்து போடுங்க சார்."

"இதுல எத அட்டெஸ்ட் பண்ணணும்?"

"எதையும் இல்ல சார். உங்க கையெழுத்துதான் வேணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நிதானமாகக் கையெழுத்திட்டார். அடியில் 'தலைமை ஆசிரியர்' என்று எழுதியதும் பேனா நின்றது.

"பக்கத்துல 'ஓய்வு'ன்னு போடணுமில்ல சார்?"

"ராஜா போடலியே சார்" என்றேன்.