மாத்திரை சாப்பிட்ட ஆபரேட்டர்

டெலிபோன் ஆபரேட்டரின் முகம் எப்படி இருந்தாலும் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். குரல் கொஞ்சம் இறங்கினால் போதும், எம்.டி. வரைக்கும் புகார் போய்விடும். எண்பதுகளின் கடைசியில் ஓசூரில், மோட்டார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் அந்த வேலையில் இருந்தேன். வெளியிலிருந்து வரும் போனை எடுத்து, தமிழோ கன்னடமோ தெலுங்கோ, அவர்கள் பாஷையிலேயே பதில் சொல்லி, உள்ளே கேட்ட ஆளோடு சேர்த்துவிட வேண்டும். உட்கார்ந்த இடத்தில் வேலை, இதில் என்ன களைப்பு என்று கேட்பவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டாம். ராத்திரி முழுக்கத் தூங்கியும் காலையில் மூட்டை தூக்கினவர் மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கை எழும்பவில்லை

ஒரு திங்கட்கிழமை காலை டெலிபோன் போர்டில் விளக்கு எரிந்தது. லைனைச் சேர்க்கும் பிளக்கை எடுக்கப் பார்த்தேன். கை மேஜையை விட்டு எழும்பவில்லை. வலி இல்லை, மரத்துப் போகவும் இல்லை. தூக்குவதற்கு உள்ளே ஆள் இல்லாத மாதிரி இருந்தது. பக்கவாதம்தான் என்று பயந்துவிட்டேன். தலை வாருவது, இட்லியை மென்று விழுங்குவது எல்லாம் சில மாதமாகவே மலையாகத்தான் இருந்தது. ரத்தம் குறைவு என்று நானே முடிவு செய்து டானிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக லைனை எடுத்தால் பெங்களூர் டீலர் ஒருவர். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். அதற்கு 'ஆமாம்' என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அவர் கேட்டது இவ்வளவுதான்: "ஹலோ, அங்க யாராவது உயிரோட இருக்கீங்களா?"

நோயின் பெயர்

என் வீட்டுக்காரர் அருள்ராஜ் வேறொரு கம்பெனியில் லேத் ஓட்டுபவர். அவர்தான் என்னைப் பெங்களூருக்கு, மனநோய் டாக்டரிடம் அழைத்துப் போனார். வாசலில் டாக்டரின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் உள்ளே போக மாட்டேன் என்று நின்றுவிட்டேன். இந்தப் படி ஏறினால் நான் பைத்தியம் என்று எழுதிவிடுவார்களே! டாக்டர் கன்னடக்காரர், ஆனால் தமிழ் பேசினார். அழுகிற வரைக்கும் அழவிட்டு, "இது டிப்ரஷன். சரியாகும்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அருள்ராஜ் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. என்னை விட்டுவிடப் போகிறாரோ என்று பயந்தேன். அத்திப்பள்ளி தாண்டியதும் மெதுவாக என் பக்கம் குனிந்தார். "ஏன் ஸ்டெல்லா, டிப்ரஷன்னா ரேடியோவுல வங்காள விரிகுடாவுல புயலுக்கு முன்னாடி வருதும்பாங்களே, அதுவா?"

எம்.டி. பேசிய இடம்

டாக்டர் கொடுத்த மாத்திரை வேலை செய்ததோ இல்லையோ, தூக்கம் வேலை செய்தது. நாக்கு பஞ்சு மாதிரி காய்ந்துவிடும், பத்து மணிக்கே கண் சொருகும். அப்படி ஒரு முற்பகலில் எம்.டி., எங்களுக்குச் சரக்கு அனுப்பும் புனே பார்ட்டிக்கு லைன் கேட்டார். கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் முகம் சிவந்து எழுந்து நிற்பது தெரிந்தது. சரக்கு எப்போது தயாராகும் என்று அவர் இங்கிலீஷில் அதட்ட, கேன்டீன் மாஸ்டர் பயபக்தியோடு சொல்லியிருக்கிறார்: "சாம்பார் இன்னும் கொதிக்கல சார், பன்னண்டரைக்கு வாங்க!"

போய்விட்டதும் போகாததும்

வேலை தப்பியது ருக்மணியால். எனக்கு மாற்று ஆபரேட்டர், தெலுங்குக்காரப் பெண். "காலைல நான் பாத்துக்கறேன் அக்கா, நீங்க மத்தியானம் வாங்க" என்று எம்.டி. எதிரிலேயே சொல்லிவிட்டாள்.

சில மாதத்தில் மனசு தெளிந்தது. சிரிப்பு வந்தது, பசி வந்தது. ஆனால் அசதி மட்டும் அப்படியே இருந்தது! இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. நோய் போனால் எல்லாம் போகும் என்றல்லவா நினைத்தேன்? டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினார். மூக்கண்டப்பள்ளி வீட்டிலிருந்து முடிந்த தூரம் தினமும் நடக்கச் சொன்னார். நிற்கவே முடியாதவளை நடக்கச் சொல்கிறீர்களே என்றேன். அவர் கோபப்படவில்லை. "மனசு வந்தாச்சும்மா. உடம்பு ஸ்வல்ப லேட்டாத்தான் வரும். வர்ற வரைக்கும் அதைத் திட்டாதீங்க."

காவேரிப்பட்டினத்துப் போன்

ஒருநாள் மத்தியானம் காவேரிப்பட்டினத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். எங்கள் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் முருகேசனின் மனைவி. "ஊட்டுக்காரருக்கு ஜொரம் மேடம், லீவு சொல்லிடுங்க." போன வாரமும் இதே ஜுரம்தான். அவள் குரலில் ஏதோ உறுத்தியது. "குளிக்கறாரா?" என்று கேட்டுவிட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. ஜுரமெல்லாம் இல்லை. சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார், சோறு வேண்டாம் என்கிறார், எழுந்தால் கொல்லைக் கிணற்றடியில் போய் நிற்கிறார், கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. "இப்ப அவர்கூட யாரும்மா இருக்காங்க?" என்றேன். அவள் அலறினாள்: "ஐயோ, யாருமில்லீங்களே மேடம், நான் இங்க வந்துட்டனே!"

ஜன்னலில் ஒரு முகம்

போனை வைத்துவிட்டு ஓடு, அவரைப் பிடித்துக்கொண்டு கத்து என்று சொன்னேன். ஆட்களின் லீவு, சம்பளம் பார்க்கும் பர்சனல் ஆபீசர் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்து, முருகேசன் கிணற்றில் விழுந்துவிடுவார், ஜீப்பை அனுப்புங்கள் என்றேன். "உனக்கெப்படிம்மா தெரியும்?" என்றார். அதுவரை ருக்மணியையும் எம்.டி.யையும் தவிர ஆபீசில் யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன்: "எனக்கும் அதே நோய்தான் சார்." அடுத்த நிமிஷம் ஜீப் கிளம்பிவிட்டது.

அவள் ஓடிப் போனபோது முருகேசன் கிணற்றுக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாராம். சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக் கத்தியிருக்கிறாள். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். ஜீப் அவரை நேராக என் டாக்டரிடமே கொண்டுபோனது.

சில மாதம் கழித்து முருகேசன் வேலைக்குத் திரும்பினார். முதல் நாளே என் ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கும் அதே நோய் என்று பர்சனல் ஆபீசர் அவரிடம் சொல்லியிருந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இன்னும் அசதியா இருக்குதுங்களா மேடம்?" என்றார். தினமும் இருக்கிறது என்றேன். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "அப்பாடா! எனக்கு மட்டும்தான்னு நெனச்சி பயந்தே போயிட்டனுங்க."

அதற்கப்புறமும் பல வருஷம் அசதியும் நானுமாக இரண்டு பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். சம்பளம் மட்டும் கடைசி வரை ஒருவருக்குத்தான் கொடுத்தார்கள்.