மல்லிகா இல்லாத போட்டோ

திருப்பத்தூர் கடையில் சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்றை இயக்கிக் காட்ட, கடைக்காரர் ஃபிளாஷ் அடித்தார். அந்த வெளிச்சத்தில் ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டு வாசல் தெரிந்தது.

அன்று காயப்போட்ட புளி மணக்க, சிறுமிகளாக நானும் தங்கை மல்லிகாவும் நின்றோம். மாமாவின் கேமராவில் ஒரு படத்துக்குத்தான் ஃபிலிம் மிச்சம்.

"ஆஸ்டலுக்குப் படிக்கப் போறவ மட்டும் நில்லு," என்றார் அப்பா.

மல்லிகா தன் பாசிமணியைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டு ஆடு மேய்க்கப் போனாள். அவளும் நிற்கட்டும் என்று நான் சொல்லவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

நாங்கள் இருவரும் எங்களைப் பார்த்தபடியே சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள, திரை முன்பக்கம் திரும்பும் கேமராவை வாங்கினேன். உடனே அவளுக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு வூட்டுக்கு வர்றேன், மல்லிகா. போட்டோ எடுக்கலாம்."

"வாக்கா. நீ நில்லு, நான் எடுக்கறேன். எத அமுக்கணும்னு மட்டும் சொல்லு."