பூ விழாத மூன்று செவ்வாய்க்கிழமைகள்

ஈரக் கருங்கல்லிலிருந்து பூ நழுவி விழும்போது சத்தமே வராது என்பார்கள், எனக்குக் கேட்டிருக்கிறது. கன்னட எல்லையோர ஊரான ஜூஜுவாடிக்குப் பின்புறம், கம்பெனிச் சுவர்கள் முடிகிற இடத்தில் இருந்த எங்கள் மாரியம்மன் கோயிலில், அந்தச் சத்தத்துக்காகப் பெரியவர்கள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நிலம் வாங்குவதானாலும் பெண் கொடுப்பதானாலும் முதலில் அங்கே "பூ கேட்க" வேண்டும். பூசாரி நனைத்த சாமந்தியை அம்மனின் இரண்டு தோள்களிலும் ஒட்டிவைப்பார். கேட்பவர் மனதுக்குள் கேட்டுக்கொள்வார். கன்னடக்காரரான பூசாரிக்கு வலப்பக்கம் "பலகடே", இடப்பக்கம் "எடகடே". பலகடேப் பூ விழுந்தால் சரி, எடகடேப் பூ விழுந்தால் வேண்டாம். இரண்டுமே விழாவிட்டால் அடுத்த செவ்வாய் மறுபடியும் வர வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா பூந்தோட்டத்தில் கூலிக்குப் போனாள். இருபத்திரண்டு வயது அக்கா, கம்பெனி வேன் ஏறிப் போய் சின்னச் சின்ன மின்சாதனப் பாகங்களைக் கோத்துக் கொடுத்துவிட்டு வருவாள். அவள் விரல்களில்தான் முதலில் வெண்புள்ளி தெரிந்தது. நிச்சயம் வரைக்கும் வந்த மாப்பிள்ளை வீட்டார், அது மணிக்கட்டுக்கு ஏறியதும் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவளுக்கா இது என்று எனக்கு அம்மன் மேலேயே கோபம் வந்து, குங்குமம் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அம்மாதான், "நமக்குன்னு இருக்கறது லேட்டா வரும், வராம போவாது" என்பாள்.

ஆனால் அப்படிச் சொன்ன அம்மாவே ஆடிப்போனது, பெரியப்பா அத்திப்பள்ளிப் பக்கத்து வரன் ஒன்றைக் கொண்டுவந்தபோது. ரெண்டாந்தாரம், நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள். "இந்தக் கையப் பாத்துட்டு வேற எவன் வருவான்? வந்தத வுட்டுட்டு அப்புறம் அழுதுகினு இருக்காத" என்று பெரியப்பா அடித்துச் சொன்னார். அக்காவைக் கேட்டால், "நீ சொன்னா சரிம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை என்பதை நான் பார்த்தேன். அம்மா பூ கேட்பது என்று முடிவு செய்தாள்.

முதல் செவ்வாய் நானும் கூடப் போனேன், உள்ளங்கையில் வேலம்பிசின் உருண்டையோடு. பூசாரி கற்பூரத் தட்டு எடுக்க நகர்ந்தார். அம்மா கண்ணை மூடியிருந்தாள். பிசினை எச்சில் தொட்டு இளக்கி, பலகடேப் பூவின் அடியில் வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டு ஓடிவந்து நல்ல பிள்ளையாகக் கைகூப்பிக்கொண்டேன். எச்சில் பட்ட கை அம்மன் மேல் பட்டுவிட்டதே, கண் போய்விடுமோ என்று ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்து பார்த்துக்கொண்டேன். வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம். எந்தப் பூவும் விழவில்லை. "தாயி கெட்டியா புடிச்சிகினா" என்றார் பூசாரி.

அடுத்த செவ்வாய் எனக்குக் காய்ச்சல். அக்கா அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அம்மாவோடு போனாள். அன்றும் விழவில்லை. மூன்றாவது செவ்வாய் எனக்கு முழுப்பரீட்சை, அக்காவுக்கு வேலை. அம்மா மட்டும் போய் வந்தாள். வாசலிலேயே மறித்து, "பூ?" என்றேன். "விழல" என்றாள். சாயங்காலம் பெரியப்பாவிடம், "சாமி இருக்கச் சொல்லுது, இருக்கறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

இருந்தோம், ஐந்து வருடம். கல்யாண வீடுகளில் அக்காவின் கையிலிருந்து தாம்பூலம் வாங்கத் தயங்கியவர்கள் உண்டு. "பொண்ண வீட்ல வெச்சு பூசை பண்றியா?" என்று கேட்டவர்களும் உண்டு. அம்மா செவ்வாய்தோறும் கோயிலுக்குப் போய்விட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்துவிட்டுப் போவாள். பிறகு அதே கம்பெனியில் ஸ்டோரில் இருந்த தேனிக்காரரோடு அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. இன்று அவளுக்குக் கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள். அத்தான் இன்னும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சாலையைக் கடக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.

அந்தச் சின்னக் கோயில் இப்போது இல்லை. சாலை அகலமானதில் அதைத் தள்ளிக் கட்டினார்கள். கிரானைட் தரை, வெள்ளிக் கவசம். கவசத்தில் பூ ஒட்டாது. பூ கேட்கிறவர்களும் இல்லை, ஜாதகத்தைக் கைபேசியிலேயே பார்த்துக்கொள்கிறார்கள்.

போன பொங்கலுக்கு அக்கா வீட்டில் கூடியிருந்தபோது, இத்தனை காலம் மறைத்த பிசின் கதையைச் சொல்லிவிட்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "ரெண்டாவது வாரம் நான்தான்டி. கம்பெனில லேபிள் ஒட்டற பசை!" என்றாள். அப்படியானால் மூன்றாவது வாரம் பூவைப் பிடித்தது யார் என்று இருவரும் அம்மாவைப் பார்த்தோம்.

"மூணாவது வாரம் நான் பூவே வெக்கச் சொல்லல" என்றாள் அம்மா. "வெக்காத பூ எப்பிடி விழும்? ரெண்டு வாரமும் பூவ எடுக்கறப்ப பசை ஒட்டிகினு வந்தத பூசாரி எங்கிட்ட காட்டிட்டாரு. எது சின்னவ வேல, எது பெரியவ வேலன்னு எனக்குத் தெரியாதா? பதில் வந்துடுச்சு, அப்புறம் இன்னா கேள்வி?"

"அப்புறம் அஞ்சு வருசமும் சாமிகிட்ட ஒண்ணுமே கேக்கலியா?" என்றாள் அக்கா.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுகினே இருந்தேன். இவ வாய் தொறக்காத பொண்ணு, அடுத்து ஒருத்தன் வந்தா இவ வாயாலயே சொல்ல வெய்யி தாயின்னு."

அத்தானை வீட்டுக்கு அழைத்துவந்து, "இவரத்தான் கட்டிக்கப் போறேன்மா" என்று அக்கா நிமிர்ந்து நின்று சொன்ன அன்று, அம்மா யார் என்ன என்றுகூட விசாரிக்காமல் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதற்கு அப்படி அழுதாள் என்பது எங்களுக்கு இந்தப் பொங்கலன்றுதான் தெரிந்தது.