இருவருக்கு அளவான குழி

2003 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த நோர்பரி வீட்டில் வழக்கம்போல அம்மாதான் முதலில் எழுந்து புட்டு அவித்தார். அப்பா லீவில் இருந்தும் ஷிப்டுக்குப் போகிறவர்போலச் சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டார். காரில் எனக்கும் தம்பிக்கும் நடுவே, அந்த ஆண்டு, பல வருடம் குண்டு விழுந்த வன்னியிலிருந்து வந்து சேர்ந்த சித்தப்பா உட்கார்ந்தார். எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஏழு.

வடக்கே, ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்டில் கூடாரம் அடித்துத் தங்குவது அப்பாவின் யோசனை.

"ஊரில இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழ படுத்து எழும்பினது காணாதெண்டு, இங்க காசு குடுத்தும் படுக்க வேணுமோ?" என்று அம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.

"இது ஹொலிடேயப்பா," என்றார் அப்பா.

கூடாரத்தை அடித்துவிட்டு ஏரியோரக் காட்டுக்குள் நடந்தோம். சித்தப்பா முன்னால் போனார். அவர் கால் வைத்த இடத்தில்தான் நாங்களும் வைக்கவேண்டும் என்றார். விளையாட்டு என்று நினைத்தோம். பறவைச் சத்தம்கூட இல்லாத காடு. மலைகள் தண்ணீருக்குள் தலைகீழாக அசையாமல் நின்றன.

திடீரென்று இரண்டு மலைகளுக்கு நடுவே, ஏரியைத் தொடுவதுபோல ஒரு போர் விமானம் போனது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதற்குள் நானும் தம்பியும் பன்னம் என்ற பெரணிச் செடிகளுக்குள் குப்புறக் கிடந்தோம். எங்கள் மேல் சித்தப்பா கிடந்தார்.

"டேய், உது இங்கத்தைய பிளேன். பயிற்சிக்குப் பறக்கிறாங்கள். எழும்படா," என்று அப்பா சிரித்தார்.

"ஓம் அண்ணை," என்று எழுந்து என் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டார் சித்தப்பா.

பொழுது சாயும் நேரம் ஏரியிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. சித்தப்பாவைக் காணவில்லை. கூடாரத்துக்குப் பின்னால், மரங்களுக்குள் எதையோ சுரண்டும் சத்தம் கேட்டது. நானும் தம்பியும் போய்ப் பார்த்தோம். கார் டிக்கியில் கிடக்கும், பனி அள்ளும் சவளால் சித்தப்பா குழி வெட்டிக்கொண்டிருந்தார். அது நீளமாக, நடுவில் முழங்கைபோல மடங்கியிருந்தது.

"ஆருக்கு சித்தப்பா?" என்றான் தம்பி.

"உங்களுக்குத்தான். ஒருக்கா இறங்கிப் படுங்கோ, அளவு பாப்பம்."

தம்பி சிரித்துக்கொண்டே இறங்கி நீட்டி நிமிர்ந்து படுத்தான். "அக்கா, வாங்கோ. உங்களுக்கும் இடம் இருக்கு."

நான் பார்த்தேன். மடங்கிய மறுபக்கம் சரியாக என் நீளம்தான் இருந்தது. தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, கொதித்த தேநீரை அடுப்பிலிருந்து இறக்கினார். "அவரிட்ட ஒண்டும் கேக்காதேங்கோ," என்று அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. அப்பாவும் தலையாட்டினார். அப்படியானால் எல்லோருக்கும் தெரியும் என்று முடிவு செய்தேன். அன்றிரவு என் கையையும் தம்பியின் கையையும் சப்பாத்துக் கயிற்றால் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தேன்.

விமானம் குண்டு போடும்போது இறங்கிப் பதுங்கும் குழிக்குச் சொல்லும் பங்கர் என்ற சொல் எனக்கு அப்போது தெரியாது. சிதறும் குண்டுத் துண்டுகள் நேராகப் பாயாதிருக்கத்தான் அதை மடக்கி வெட்டுகிறார்கள் என்பதும் தெரியாது. இரண்டு பேருக்கு மட்டும் இடம் இருந்ததுதான், எங்களைப் புதைக்கத்தான் வெட்டினார் என்பதற்கு என்னிடமிருந்த சாட்சி. வெட்டியவர் தனக்கு இடம் வைத்துக்கொள்ளவில்லை என்பது பல வருடங்களுக்குப் பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக அப்பா குழிக்குள் இறங்கினார். அடியில் பரப்பியிருந்த பன்ன இலைகளின் மேலிருந்து ஒரு தண்ணீர்ப் போத்தலையும், ஒரு பிஸ்கட் பக்கெட்டையும், சித்தப்பாவிடம் இருந்த ஒரே குளிர் ஜாக்கெட்டையும் எடுத்து மேலே வைத்தார். பிறகு மண்ணைத் தள்ளினார். எல்லோரையும்விட நான்தான் அதை அழுத்தி மிதித்தேன். சித்தப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.