நாலு பத்துக்கு அணைகிற போர்டு

கதை கட்டுகிற ஆள் இல்லை ஆதிப். நல்ல சம்பளத்தையே விட்டுவிட்டு வந்தவன் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? நம்பாதவர்கள் வேலம்பாளையம் ரோட்டில் அந்த எல்இடி விளம்பர போர்டுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள்.

போன தீபாவளி வாரம். பனியன் கம்பெனிகளுக்கெல்லாம் லீவு; திருப்பூரே வெறிச்சென்று கிடந்தது. ரம்ஜானுக்கு மற்றவர்கள் அவன் டியூட்டியைப் பார்த்துக்கொள்வார்கள்; தீபாவளிக்கு எல்லார் டியூட்டியும் ஆதிப் தலையில். அதற்கு நாலு வருடம் முன்பு விளம்பர போர்டு கம்பெனியின் கோயம்புத்தூர் கன்ட்ரோல் ரூமில் சேர்ந்தவன், அப்போது போர்டுகளின் நெட்வொர்க் பாதுகாப்பு மொத்தத்துக்கும் பொறுப்பு.

அந்த ஒரு போர்டு மட்டும் மூன்று நாளாகச் சரியாக மாலை 4:10-க்கு அணைந்தது. ஏழு நிமிடம் கழித்துத் தானாக எரிந்தது. பழுது எதுவும் இல்லை. யாரோ சரியான பாஸ்வேர்டு போட்டு அணைக்கிறார்கள்.

"இன்னைக்கும் அணைஞ்சா நாளைக்கு நீங்க வர வேண்டியதில்லீங்க" என்று மேலாளர் மரியாதையாகவே சொல்லிவிட்டார்.

3:20. ஏணி வைத்து ஏறி, போர்டின் பின்பக்கப் பெட்டியைத் திறந்தான். சிரிப்பு வந்துவிட்டது. கதவின் உள்பக்கம், சிவப்பு மார்க்கரில், கொட்டை எழுத்தில் பாஸ்வேர்டு! ஏழுக்கு நடுவே குறுக்காக ஒரு கோடு வேறு. மறந்துவிடும் என்று எந்தப் புண்ணியவானோ எழுதி வைத்திருக்கிறார். திருடன் பார்க்காமல் என்ன செய்வான்?

பெயின்ட் தின்னர் ஊற்றித் துடைத்தான். புது பாஸ்வேர்டு போட்டான்: மகள் ரைசாவின் பெயர், பிறந்த தேதி. வாய்க்குள்கூட முணுமுணுக்கவில்லை. பெட்டியைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். எதிரே பைக்கில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான்.

4:08. ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை.

4:09. போர்டில் ஜட்டி விளம்பரம் ஓடியது. அவன் கண்ணை எடுக்கவில்லை.

4:10.

டக்...

போர்டு இருண்டது.

லேப்டாப்பில் ஒரு வரி வந்தது. பாஸ்வேர்டு சரி. அதைப் போட்ட இடம்... பூட்டிக் கிடந்த அதே பெட்டி.

ஏறினான். சாவியைத் திருகினான். கதவு திறந்தது.

சிவப்பு மார்க்கர்.

ரைசா. பிறந்த தேதி. ஏழுக்குக் குறுக்கே கோடு.

தொட்டான். விரலில் ஒட்டியது... ஈரம்.

இடது கையால் பெட்டிக்குள் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, எலக்ட்ரீசியன் ஆறுச்சாமிக்குப் போன் போட்டான்.

"அண்ணா, ஏழுக்குக் குறுக்கக் கோடு போட்டு எழுதறது யாருங்க?"



"நம்ம பழைய போர்டு மெக்கானிக் தங்கராஜு, கண்ணு. போர்டு போர்டா பாஸ்வேர்டு எழுதி வெப்பாரு. அவரு செத்து நாலு வருசமாச்சே."

"எப்படிங்க?"

"அதே போர்டுதான். அணைச்சுப்போட்டு உள்ள கைய வெச்சிருந்தாரு. கோயமுத்தூர்ல இருந்து எவனோ ஆன் பண்ணீட்டான். கரண்ட்ட நிறுத்தி எறக்க ஏழு நிமிசமாச்சு. ஆகஸ்ட் மூணாந்தேதி. கம்பெனி வெளிய தெரியாம அமுக்கிப்போடுச்சு."

ஏழு நிமிடம்.

ஆதிப் போனில் மணி பார்த்தான். 4:16.

அவன் கை இன்னும் பெட்டிக்குள்...

வெடுக்கென்று இழுத்தான். டக்... போர்டு எரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது வேலை போய்விடுமே என்ற பயமெல்லாம் அவனிடம் இல்லை. ஆகஸ்ட் மூன்று. அந்தத் தேதி அவனுக்கு நன்றாகத் தெரியும். வேலையில் சேர்ந்த முதல் நாள். அன்று கன்ட்ரோல் ரூம் ஸ்கிரீனில் ஏதோ ஒரு போர்டு இருட்டாகத் தெரிந்தது. யாரையும் கேட்காமல் ஆன் பட்டனை அழுத்தினான். மேலாளர் முதுகில் தட்டி சபாஷ் என்றார். ரைசாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பழைய பதிவுகளைத் தேடினான்.

ஆகஸ்ட் 3. வேலம்பாளையம் போர்டு. மாலை 4:10.

ஆன் செய்தவர்: ஆதிப்.