நாலாவதாக நின்றவர்

எண்பதுகளின் நடுப்பகுதியில், படவரைஞர் பயிற்சியை முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருந்தபோது, கிழக்கிலங்கையில் ஒரு சிறிய நீர்ப்பாசனக் கந்தோரில் ஆறு மாதம் மக்கள் தொடர்புப் பயிலுநராக இருந்தேன். ஒரு மேசை, ஒரு தட்டச்சு இயந்திரம், வாசலில் கண்ணாடி போட்ட அறிவித்தல் பலகை, ஓர் அதிகாரி; பிரிவு அவ்வளவுதான். அதிகாரி முதல் நாளே மூன்று பாடம் சொல்லித்தந்தார். பெயரில் பிழை விடக்கூடாது. ஊரில் பிழை விடக்கூடாது. ஒருவரையும் விட்டுவிடக்கூடாது.

பெரும்போக விதைப்புக்கு முந்திய விவசாயிகள் கூட்டத்தில், சவளக்கடைப் பக்கம் வாய்க்கால் கட்டில் எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்தோம். முஸ்லிம்களும் தமிழர்களும் கலந்து நிற்கவேண்டும் என்பது அதிகாரியின் விருப்பம். இரு சமூகத்துக்கும் நடுவில் பகை மூண்டிருந்த அந்த வருடம் அப்படி ஒரு படம் கிடைப்பது அரிதாகிக்கொண்டிருந்தது.

"தண்ணி வராட்டியும் படம் வருகுது," என்றார் வட்டவிதானை. வயல்களுக்கு முறைப்படி தண்ணீர் பங்கிடுகிறவர் அவர். மருதமுனையில் எங்கள் தெருக்காரர்; நான் காக்கா என்று கூப்பிடும் மூத்தவர். "சிரிங்களன்டா, மையத்து வீட்டுக்கா வந்த?"

பாண்டிருப்பிலிருந்து வந்திருந்த தமிழர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. படம் எடுத்த பிறகு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, என்ட பேர் போட வேணாம். படத்தில நிண்டதே போதும்."

"ஏன் அண்ணன்?"

"சும்மாதான். விடுங்களன்."

விட்டிருக்கலாம். ஆனால் வரைபடத்தில் அளவு குறிக்காத ஒரு கோட்டைக் கண்டாலும் என் கைக்குப் பொறுக்காது. இடமிருந்து வலமாகப் பதினேழு பேர். அவர் நின்ற நாலாவது இடம் வெறுமையாக இருந்தால் என் பிழை போலத் தெரியும். வரவுப் பட்டியலைப் பார்த்து அவருடைய பெயர், ஊர், வாய்க்கால் மூன்றையும் தட்டச்சு செய்தேன். அதிகாரி "வடிவாயிரிக்கி" என்று சொல்ல, படத்தையும் பெயர்களையும் வாசல் பலகையில் தண்ணீர் அறிவித்தலுக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

எட்டாம் நாள் காலை இரண்டு பேர் வந்தார்கள். சீருடை இல்லை. எந்தக் கந்தோர் என்றும் சொல்லவில்லை. வாகனம் என் ஜன்னலுக்கு நேரே எஞ்சின் நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தது. தண்ணீர் அறிவித்தலை அவர்கள் பார்க்கவேயில்லை. படத்தின் முன் நின்று ஒருவர் கண்ணாடியில் விரல் வைத்து எண்ணினார். நாலில் விரல் நின்றது.

"இதை எழுதினது ஆர்?"

"நான்தான்."

"நல்ல விளக்கமா எழுதியிருக்கீங்க," என்றார் மற்றவர்.

நான் நன்றி சொன்னேன். அவர்கள் போன பிறகு பார்த்தேன்; விரல் ரேகை நாலாவது முகத்தின் மேல் பதிந்திருந்தது.

வட்டவிதானையைத் தேடி ஓடினேன்.

"காக்கா, அந்தப் பாண்டிருப்பு அண்ணன வீட்டில நிக்க வேணாமெண்டு சொல்லுங்க."

அவர் உடனே சைக்கிளை எடுத்தார். மத்தியானம் திரும்பி வந்தவர் இறங்கவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி கதைத்தார்.

"வயல்ல மம்பட்டி கிடக்கு. ஆள் இல்ல."

"வீட்டில?"

"இல்ல தங்கச்சி. வரம்பால ரெண்டு பேர் கூட்டிட்டுப் போனதச் சனம் கண்டிரிக்கி."

பலகையைத் திறந்து படத்தை எடுத்தேன். அதிகாரி பார்த்தும் பாராதவர்போல் கோப்பைப் புரட்டினார்.

மறுநாள் நாலாவதாக நின்றவருடைய மனைவி வந்தார். அழுது முடித்த முகம்.

"மூண்டு இடத்தில கேட்டுட்டன். அப்பிடி ஒருத்தரையும் பிடிக்கல்ல எண்டு சொல்றாங்க. அந்த ஆக்களோட கதைச்சது நீங்கதானாம். தெரிஞ்சதச் சொல்லுங்க."

ஒழுங்காகச் சொன்னேன். இரண்டு பேர். ஒருவருக்கு நீலச் சட்டை. மற்றவர் வலக்கையில் மணிக்கூடு கட்டியிருந்தார். நேரம் ஒன்பதே கால். கதைத்தது இன்ன இன்ன. ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்று தலையாட்டி மனதில் பதித்துக்கொண்டார்.

"வாகனத்துர நம்பர்?"

அவ்வளவு நேரமும் அது என் கண்ணுக்கு முன்னால்தான் நின்றது.

"பார்க்கல்ல, அக்கா."

எனக்கு இன்னும் ஞாபகம் வரக்கூடும் என்பதுபோல, அவர் கொஞ்ச நேரம் போகாமல் நின்றார்.