குற்றாலத்தில் வாய்க்கு வந்த டச்சுச் சொல்

நெதர்லாந்தில் இருக்கும் கணவரிடம் போக, நான் டச்சுப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். முதல் முறை தோற்றேன். வெட்கத்தில், விசா தாமதம் என்று என் மாமியாரான அத்தையிடம் பொய் சொன்னேன்.

சாரல் விழுந்ததும் தென்காசியிலிருந்து அத்தையோடு குற்றாலம் போனேன். பெண்கள் வரிசையில் நின்றபடி 'ஸீ-கன்-ஹௌஸ்-ஆஃப்-டே-லிங்' என்று முணுமுணுத்தேன். மருத்துவமனை வார்டுக்கு டச்சுக்காரர்கள் சொல்லும் ஒற்றைச் சொல் அது. முதல் அசையை அழுத்திவிட்டு மற்றதை லேசாக விடவேண்டும். நானோ ஆறு அசையையும் ஒரே கனத்தில் சொல்லித் திணறுவேன்.

அருவியருகே தயங்கி நின்றேன். முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்தாள்.

"மொத அடிய வாங்கிருங்கக்கா. பொறவு ஒண்ணுந் தெரியாது."

தண்ணீர் தலையில் இடியாக இறங்கியது. அடுத்த கணம் உடம்பே இல்லாததுபோல வெள்ளைப் புகைக்குள் மிதந்தேன். வாய் தானாக அந்தச் சொல்லைச் சொன்னது. 'ஸீ' மட்டும் கனத்தது, மற்றவை வழிந்தோடின.

வெளியே வந்ததும் அத்தை துண்டை நீட்டினார்.

"அத்தை, நான் பரீச்சையில ஃபெயிலு. விசா லேட்டுன்னது பொய்."

அத்தை என் தலையைத் துவட்டினார்.

"சரி, அடுத்த பரீச்சை எப்பம்ட்டி?"

அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் கனக்கவில்லை.